ஊசி ஒருவருக்கு, பாய் ஒருவனுக்கு

அன்றைக்குக் காலையில் மேல்வீட்டு மாமாவும் அவர் மச்சினனும் படிக்கட்டில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். என் தையல் கடையின் கதவு நேராக அந்தப் படிக்கட்டைப் பார்த்துத் திறக்கும். மேல்வீட்டில் யார் ஏறினாலும் இறங்கினாலும் எனக்குத் தெரியாமல் போகாது. நாலாவது படியில் மாமா குனிந்து நிற்கிறார். இரண்டாவது படியில் மச்சினன் குனிந்து நிற்கிறான். இரண்டு தலையும் முட்டிக்கொள்ளாத குறை. சரி, சாவி விழுந்திருக்கும் போலிருக்கிறது என்று நானும் போய்க் குனிந்தேன்.

"என்னத்த விட்டீங்க? சாவியா?"

"ஒண்ணையும் விடல டைலரம்மா," என்றார் மாமா, தலையைத் தூக்காமலே. "செருப்பு வாரை மாட்டக் குனிஞ்சேன். பிடிச்சுக்கிச்சு."

"உனக்கு என்னடா?"

"மாமாவத் தூக்கி விடலாம்னு குனிஞ்சேன்க்கா. எனக்கும் பிடிச்சுக்கிச்சு."

சிரிக்கக் கூடாதுதான். சிரித்துவிட்டேன். அவர்களும் சிரிக்கப் பார்த்தார்கள், சிரித்தால் இடுப்பில் இழுக்கிறது என்று இருவரும் ஒரே நேரத்தில் "ஐயோ" என்றார்கள். அதைப் பார்த்து நான் படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். மேலிருந்து அவர் பெண்டாட்டி கரண்டியோடு ஓடி வந்து, என்னை முறைத்துவிட்டு, ஒருவர் பின் ஒருவராகக் கையைப் பிடித்து நிமிர்த்தினாள்.

இருவரும் வீடு, அலுவலகம் மாற்றிக் கொடுக்கும் கம்பெனியில் சுமைக்காரர்கள். பெரியவருக்கு ஐம்பத்திரண்டு வயது. எப்போதோ லாரிச் சக்கரம் பள்ளத்தில் இறங்கியபோது ஓரத்தில் தோளைக் கொடுத்துத் தூக்கினாராம். அன்றிலிருந்து அவர் பெயர் ஜாக்கி. மச்சினனுக்கு நாற்பத்தைந்து, கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டோடு இருக்கிறான். ஆளும் ஒல்லி, தோளில் எப்போதும் ஒரு சுருள் கயிறு கிடக்கும். அதனால் கயிறு. பத்தொன்பது வருஷமாக இருவரும் ஜோடி. பீரோ, கட்டில், குளிர்பெட்டி எதுவானாலும் ஒரு முனை அவர், மறுமுனை இவன். நடுவில் இருப்பவள் ஒருத்தருக்குப் பெண்டாட்டி, ஒருத்தனுக்கு அக்கா. பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. முந்நூறு பேருக்கு ஆக்கிப் போட்டுவிட்டு வந்து இந்த இரண்டு பேருக்கு ஆக்குவதுதான் கஷ்டம் என்பாள்.

மூன்று வருஷமாக இருவருக்கும் முதுகு வலி. கீழ் முதுகில் ஆரம்பித்து ஒரு காலில் இறங்கும். யார் கேட்டாலும் "ஒண்ணும் இல்ல, லேசாத்தான்" என்பார்கள். படிக்கட்டில் மாட்டிக்கொண்ட கதை எப்படியோ கம்பெனி முதலாளி காதுக்குப் போய்விட்டது. அவர் ஜாக்கியைக் கூப்பிட்டு, "ஒன்பது வாரத்துல பெரிய ஆபீஸ் ஒண்ணு காலி பண்றோம். நாலு மாடி, லிஃப்ட் கிடையாது, அறுபது இரும்பு பீரோ. அன்னிக்கு உன் இடுப்பு சரியா இருந்தா சுமை தூக்கு. இல்லேன்னா மறுநாள்லேர்ந்து கிடங்கு கேட்டுல உட்கார்ந்துக்க" என்று சொல்லிவிட்டார்.

கேட்டில் உட்காருவது என்றால் வருகிற வண்டி நம்பரை எழுதுவது. ஜாக்கிக்கு அதைவிடச் சிறைக்குப் போகலாம். அன்று மாலை என் கடை வாசலில் நின்று அவர் பேசியது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"டைலரம்மா, நான் உட்கார்ந்து வேலை செஞ்சதே இல்ல. ஒருத்தர் வீட்டுக்குள்ள போறோம், அவங்க கட்டில், அவங்க அலமாரி, கண்ணாடி எல்லாத்தையும் ஒரு கீறல் இல்லாம இன்னொரு வீட்ல வைக்கிறோம். 'அப்பாடா'ன்னு அவங்க ஒரு மூச்சு விடுவாங்க பாருங்க. கேட்டுல எவன் மூச்சு விடுவான்?"

பெரிய உடம்பு, குழந்தை போல முகம் வாடியிருந்தது.

மறுநாளே அவர் பெண்டாட்டி இருவரையும் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் நேராக என் கடைக்குள் நுழைந்து, துணிக்குவியலை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தாள்.

"டாக்டர் என்ன சொன்னாரு?" என்றேன்.

"ரெண்டு பேர் ஸ்கேன் படத்துலயும் பயப்படும்படி ஒண்ணும் இல்லையாம்க்கா. தேய்மானம்தானாம். ரெண்டு வழி இருக்குன்னாரு. காலுக்கு இறங்கற வலிக்கு முதுகெலும்பு பக்கத்துல ஊசி போடலாம். கேட்டா சீக்கிரம் கேக்கும், எத்தனை நாள் நிக்கும்னு சொல்ல முடியாது. இல்லேன்னா பயிற்சி. அது மெதுவாத்தான் கேக்கும், அதுவும் நாம செஞ்சாத்தான் கேக்கும்."

"எது நல்லதாம்?"

"அதத்தான் நானும் கேட்டேன். ஆளைப் பொறுத்ததுன்னாரு. எனக்குச் சட்டுன்னு தோணிச்சு. ஆளைப் பொறுத்ததுன்னா, எங்கிட்டதான் ரெண்டு ஆள் இருக்காங்களே!"

பள்ளிக்கூடத்துச் சமையலறையில் புது மாவு வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிட மாட்டார்களாம். ஒரு அடுப்பில் பழசு, ஒரு அடுப்பில் புதுசு என்று வைத்து, எது நன்றாக வருகிறதோ அதைத் தொடர்வார்களாம். அப்படியே புருஷனை ஒரு அடுப்பிலும் தம்பியை ஒரு அடுப்பிலும் ஏற்றிவிட்டாள். எது நன்றாக வேகிறதோ அதை மற்றவருக்கும் செய்துவிடலாம் என்று கணக்கு.

யாருக்கு எது என்பதில் சண்டை வரவில்லை. ஜாக்கி தரையில் படுத்துக் காலை ஆட்டுவதெல்லாம் தன்னால் ஆகாது, ஊசியே போதும் என்றார். கயிறுக்கு ஊசி என்றால் உயிர் போகும், அவன் பாயை எடுத்துக்கொண்டான். அளந்து சொல்ல ஒரு பொதுவான ஆள் வேண்டுமே? இன்ச் டேப் வைத்திருப்பவள் நான்தான். ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் என் கடைக்கு வந்து, முழங்காலை மடக்காமல் குனிய வேண்டும். விரல் நுனிக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நான் அளந்து, சட்டை அளவு எழுதும் நோட்டில் எழுத வேண்டும். ஊரார் கழுத்துக்கும் மார்புக்கும் நடுவே முதல் ஞாயிறு எழுதினேன்: ஜாக்கி பதினேழு இன்ச், கயிறு பதினாறரை.

ஊசி போட்ட அன்று கூடப் போன கயிறு வந்து கதை சொன்னான். "மாமா குப்புறப் படுத்துக்கிட்டு 'போட்டாச்சா, போட்டாச்சா'ன்னு மூணு தடவை கேட்டாரு. நர்ஸம்மா அப்பத்தான் பஞ்சையே எடுக்கறாங்க."

ஆனால் ஊசி வேலை செய்தது. அதில் பொய் சொல்லக் கூடாது. நாலாம் நாள் ஜாக்கி படியில் இரண்டிரண்டாக ஏறினார். இரவில் கால் இழுக்காமல் தூங்கினார். இரண்டாவது ஞாயிறு குனிந்தபோது விரல் தரைக்கு ஆறு இன்ச் மேலே நின்றது. எனக்கே நம்பிக்கை வராமல் டேப்பைத் திருப்பி அளந்தேன். கயிறு பதினாறு.

"என்ன மாப்ள, பாய்ல படுத்து அரை இன்ச் சம்பாரிச்சிருக்க?" என்றார் ஜாக்கி.

"மெதுவாத்தான் மாமா வரும். டீச்சர் சொல்லிருக்காங்க."

ஆஸ்பத்திரியில் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண்ணைத்தான் டீச்சர் என்பான். தினமும் காலையும் மாலையும் என் தலைக்கு மேலே தரை அதிரும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மட்டும் தூக்கி, பத்து எண்ணி இறக்க வேண்டும். பிறகு கையையும் காலையும் ஊன்றி, முதுகை மேலே வளைத்து, கீழே வளைத்து. பிறகு அரை மணி நேரம் நடை. அவன் ஒன்று, இரண்டு என்று எண்ணுவது எனக்குக் கீழே கேட்கும். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் ஜாக்கி குறுக்கே புகுந்து, "எங்க வீட்ல ஒருத்தன் பூனையா மாறிக்கிட்டு வர்றான், பால் ஊத்துங்கடி" என்பார். கயிறு எண்ணிக்கையை விட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பான். அதற்குள் என் தையலும் கோணும்.

நாலாவது ஞாயிறு ஜாக்கி ஐந்து, கயிறு பன்னிரண்டு. ஜாக்கியைக் கையில் பிடிக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக் குளிர்பெட்டியைத் தனியாளாக நகர்த்தினார். என் இரும்பு மிஷினைத் தூக்கி, அடியில் கூட்டச் சொன்னார். வலி இருந்தவரைக்கும் கொஞ்சமாவது அடங்கியிருந்த மனுஷன், அவிழ்த்துவிட்ட மாதிரி ஆகிவிட்டார். "ஊசி நல்ல ஊசிதான், ஆனா ஆளு ஆளா இருக்கணுமே" என்று அவள் முணுமுணுத்துக்கொண்டே போவாள்.

ஆறாவது ஞாயிறு ஜாக்கி ஒன்பது, கயிறு எட்டு. நான் நோட்டைப் பார்த்தேன், அவர்கள் என்னைப் பார்த்தார்கள்.

ஏழாவது ஞாயிறு ஜாக்கி கொஞ்சம் முன்னாலேயே தனியாக வந்தார். குனிந்தார். அளந்தேன். பதின்மூன்று.

"டைலரம்மா, எட்டுன்னு எழுதுங்களேன்," என்றார் மெதுவாக.

"அது எப்படிங்க? எத்தனையோ பேரு இடுப்பைக் குறைச்சு எழுதச் சொல்லிருக்காங்க. எழுதினா தைச்ச துணிதான் பத்தாமப் போகும்."

"ரெண்டு வாரம்தானே இருக்கு? அவளுக்குத் தெரிஞ்சா முதலாளிகிட்ட அவளே போய்ச் சொல்லிடுவா. அப்புறம் கேட்டுதான்."

"எனக்கு ஏற்கெனவே தெரியும்," என்று படிக்கட்டிலிருந்து குரல் வந்தது. அவள் முறத்தோடு நின்றிருந்தாள். "பத்து நாளா பக்கவாட்டுல படி ஏறுறீங்க. நண்டுகூட உங்களவிட நேரா ஏறும். நான் என்ன குருடியா?"

"லேசாத்தான்டி…"

"லேசு, லேசு! உங்க லேசக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது செத்துப் போச்சு. இப்ப என்ன, அந்தக் கேட்டுல உட்கார்ந்தா செத்தா போயிடுவீங்க?"

"ஆமாடி, செத்துத்தான் போயிடுவேன்!" என்று கத்திவிட்டார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. அவளும் கேட்டதில்லை போலிருக்கிறது. முறத்தைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நாளைக்கு டாக்டர்கிட்டப் போங்க. எனக்கு வேலை இருக்கு, அக்கா கூட வருவாங்க" என்று என்னைக் கேட்காமலே என்னையும் சேர்த்து அனுப்பி வைத்தாள்.

டாக்டர் இன்னொரு ஊசி இப்போது வேண்டாம் என்றார். "ஊசி வலியைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்கும். அந்த நாள்ல முதுகைப் பழக்கியிருக்கணும். நீங்க குளிர்பெட்டி தூக்கியிருக்கீங்க" என்று சொல்லிச் சீட்டில் எதையோ எழுதி, பயிற்சி அறைக்குக் கையைக் காட்டினார். ஜாக்கி என்னை ஒருமுறை பார்த்தார். குளிர்பெட்டி விஷயத்தை நான்தான் டாக்டரிடம் சொன்னேன்.

பயிற்சி அறை நீளமாக, வெளிச்சமாக இருந்தது. தரை முழுக்கப் பாய்கள், சுவரோரம் ஏணி மாதிரி கம்பிகள், மூலையில் பெரிய ரப்பர் பந்துகள், ஒரு பக்கச் சுவரில் ஆளுயரக் கண்ணாடி. கயிறு ஏற்கெனவே அங்கே இருந்தான், திங்கட்கிழமை அவன் முறை. டீச்சர் என்று அவன் சொன்னதை வைத்து வயதானவளாக நினைத்திருந்தேன். முப்பது வயதிருக்கும், என் தோள் உயரம், குரல் மட்டும் ரயில்வே ஸ்டேஷன் குரல்.

"இவர்தான் உன் ஜோடியா?" என்றாள் கயிறிடம். பிறகு ஜாக்கியிடம், "வேலையில எப்படித் தூக்குவீங்களோ, அப்படியே ரெண்டு பேரும் தூக்கிக் காட்டுங்க" என்று ஒரு மர பெஞ்சைக் காட்டினாள்.

"இதுவா? இது வெத்து பெஞ்சு," என்றார் ஜாக்கி. "எடையே இல்லையே."

டீச்சர் சுற்றிப் பார்த்தாள். கண் என்மேல் வந்து நின்றது. என் எடையை இங்கே சொல்லப்போவதில்லை. பெஞ்சில் ஏறி உட்கார்ந்தேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் கண்ணாடி இருந்த பக்கத்தை யார் பிடிப்பது என்று இருவரும் முண்டினார்கள். அந்தப் பக்கம் தரை லேசாகச் சரிந்திருந்தது, பாரம் அங்கேதான் இறங்கும். கயிறு முந்திக்கொண்டான். தூக்கினார்கள். நாலு அடி நடந்திருப்பார்கள், எனக்குக் குடத்தில் அலைகிற தண்ணீர் மாதிரி இருந்தது. பெஞ்சு ஒருதரம் ஜாக்கி பக்கம் போகிறது, ஒருதரம் கயிறு பக்கம் போகிறது. இரண்டு பேரும் முன்னுக்குத் தள்ளவில்லை, அவரவர் பக்கம் இழுக்கிறார்கள். இத்தனை வருஷமாகப் பீரோவுக்குத் தெரிந்த விஷயம் எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நிறுத்துங்க, நிறுத்துங்க. இறக்குங்க அவங்கள," என்றாள் டீச்சர். "ஏன் ரெண்டு பேரும் இப்படிக் கோணிக்கிட்டு நிக்கிறீங்க? இவர் இடது பக்கம் சாயறாரு, அவர் வலது பக்கம்."

எனக்குச் சட்டென்று உறைத்தது. "டீச்சர், இவருக்கு இடது தோள் முக்கால் இன்ச் இறக்கம், இவனுக்கு வலது தோள். பத்து வருஷமா அப்படித்தான் சட்டை வெட்டிக்கிட்டு வரேன்."

"பத்து வருஷமா? ஏன்னு கேக்கலியா?"

"டைலர் கேக்க மாட்டா டீச்சர். வெட்டிடுவா."

சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது. டீச்சர் சிரிக்கவில்லை. ஜாக்கியைப் பார்த்து, "பாரத்த உங்க பக்கம் இழுக்கறீங்க. ஏன்?" என்றாள்.

ஜாக்கி மச்சினனைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இவன் பன்னெண்டு வருஷம் முந்தி மாடிப்படியில விழுந்தான் டீச்சர். அன்னிக்கே இவன் முதுகு போச்சு. வெளிய சொல்ல மாட்டான். அதான் நான் கொஞ்சம் கூட வாங்கிக்குவேன்."

"மாமா!" என்றான் கயிறு. "அன்னிக்கு முட்டியில சிராய்ப்பு, அவ்வளவுதான்! நான்தான்… உங்களுக்கு வயசாவுது, அக்கா வேற சொல்லிக்கிட்டே இருக்கும், அதான் நான் கொஞ்சம் என் பக்கம்…"

"நீயும் இழுக்கறியா?"

"நீங்க இழுக்கறதுனாலதான் இவ்வளவு கனக்குதா? நான் பீரோதான் கனம்னு நினைச்சேன்!"

அறையில் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். டீச்சர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"இத்தன வருஷமா நீங்க சாமானத் தூக்கல. ஒருத்தர ஒருத்தர் எதிர்த்துத் தூக்கியிருக்கீங்க."

ஜாக்கி பெஞ்சின்மேல் உட்கார்ந்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது, அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பிறகு பார்த்தால் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, துடைக்கவும் இல்லை. கயிறு பக்கத்தில் உட்கார்ந்து மாமாவின் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினான். இப்படி ஒரு பாசத்தையும் இப்படி ஒரு மடத்தனத்தையும் ஒரே பெஞ்சில் நான் பார்த்ததில்லை.

டீச்சர் ஒரு நிபந்தனை போட்டாள். "இனிமே ஒவ்வொரு மாடிக்கும் பக்கம் மாத்தணும், மேல பிடிச்சவர் கீழ, கீழ பிடிச்சவர் மேல. பிடிக்கறதுக்கு முன்னாடி ஒருத்தர ஒருத்தர் 'எவ்வளவு?'ன்னு கேக்கணும். வலியே இல்லேன்னா சைபர், தாங்கவே முடியலேன்னா பத்து. உள்ளதச் சொல்லணும். ஆறுக்கு மேல போச்சுன்னா சாமானக் கீழ வைக்கணும். பொய் சொன்னீங்கன்னா இந்தப் பாயெல்லாம் வீண்."

"நான் நம்பரெல்லாம் சொல்லிப் பழக்கமில்லையே டீச்சர்," என்றார் ஜாக்கி.

"அதுவும் பயிற்சிதான்," என்றாள் அவள்.

அடுத்த இரண்டு வாரம் என் தலைக்கு மேலே இரண்டு பேர் அதிர்ந்தார்கள். சுண்ணாம்பு உதிர்ந்து ஒரு வெள்ளைச் சட்டையில் விழுந்தது, நல்லவேளை வெள்ளை. கயிறு எண்ணுவான், ஜாக்கி பின்தங்குவார். "மெதுவா எண்ணுடா, முதுகு இருக்கறது எனக்கும்தான்" என்று மேலே கேட்கும். அக்காக்காரி மட்டும் உள்ளூரக் கொதித்தாள்.

"என் சோதனையே பாழாப் போச்சுக்கா. ஒரு அடுப்புல ஊசி, ஒரு அடுப்புல பாய்னு ஒழுங்கா வச்சேன். இப்ப ரெண்டையும் ஒரே சட்டியில ஊத்திட்டாங்க. எது நல்லதுன்னு இனி எவன் சொல்றது?"

"ஊசி போடலேன்னா என்னால பாய்ல படுத்தே இருக்க முடியாதுடி," என்று மேலிருந்து ஜாக்கி குரல் கொடுத்தார்.

"போட்டும் ஆறு வாரம் படுக்கலியே மாமா," என்றான் கயிறு.

ஒன்பதாவது ஞாயிறு ஜாக்கி பத்து, கயிறு ஐந்து. இரண்டு வாரத்தில் மூன்று இன்ச் என்பது மோசமில்லை. அறுபது பீரோவுக்குப் போதுமா என்று யாருக்கும் தெரியாது. மறுநாள்தான் வேலை.

அந்த அலுவலகத்தின் திரைகளைக் கழற்றி, புது இடத்து ஜன்னலுக்குத் தக்கபடி வெட்டித் தைக்கும் வேலை எனக்குக் கிடைத்திருந்தது. ஜாக்கிதான் முதலாளியிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தார். நான் மூன்றாவது மாடியில் படி திரும்பும் படிமுனையில் ஸ்டூல் போட்டு ஏறி, கொக்கிகளை வாயில் கவ்விக்கொண்டு கழற்றிக்கொண்டிருந்தேன். விடிந்ததிலிருந்து தூறல். படியில் எல்லார் செருப்பும் ஈரத்தைக் கொண்டு வந்து சேர்த்தது. ஜாக்கி ஒவ்வொரு படியிலும் சாக்கை விரித்துக் காலால் அழுத்திப் பார்த்தார். பீரோவிலிருந்து காகிதக் கட்டுகளை இறக்குவது, கதவைக் கயிற்றால் கட்டுவது, மூலைகளுக்குப் பழைய கம்பளியைச் சுற்றுவது, பிறகு மெதுவாகச் சாய்த்து அடியில் தூக்கும் பட்டையைக் கொடுப்பது. அவசரமே இல்லை. இன்னொரு ஜோடி கிழக்குப் படியில் தடதடவென்று இறக்கிக்கொண்டிருந்தது.

ஒவ்வொரு படிமுனைக்கும் வரும்போது சத்தம் கேட்கும்.

"எவ்வளவு மாமா?"

"ரெண்டு. உனக்கு?"

"ஒண்ணு. மாத்திக்குவோம்."

காலையில் ஒன்றும் இரண்டுமாக இருந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் மூன்று வந்தது. ரொட்டியும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும் தின்றுவிட்டு, இருவரும் கம்பளியை விரித்துப் படுத்து இடுப்பைத் தூக்கினார்கள். அலுவலகத்து ஆட்கள் வேடிக்கை பார்த்தார்கள். மதியத்துக்குமேல் நாலு. மழை வலுத்தது. முதலாளி கீழே குடையோடு நின்று பீரோக்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

நாற்பத்தாறாவதோ நாற்பத்தேழாவதோ பீரோ. நாலாவது மாடியிலிருந்து என் படிமுனைக்கு வந்து நின்றார்கள். ஜாக்கி கீழ்ப்பக்கம்.

"எவ்வளவு மாமா?"

பதில் இல்லை. ஜாக்கியின் முகத்தை நான் மேலிருந்து பார்த்தேன். வாயைச் சுற்றி வெளுத்திருந்தது. கீழே முதலாளி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் பதினாலு பீரோ. "மூணு" என்று சொல்ல ஒரு நொடி ஆகாது, யாருக்கும் தெரியவும் போகாது. கொக்கியை விழுங்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"மாமா. எவ்வளவு?"

"ஏழு," என்றார் ஜாக்கி.

"இறக்கு," என்றான் கயிறு.

பீரோ ஒரு சத்தமும் இல்லாமல் தரையில் உட்கார்ந்தது. கீழேயிருந்து முதலாளி குடையை மடக்கிக்கொண்டு ஏறி வந்தார்.

"என்ன, நிறுத்திட்டீங்க?"

ஜாக்கி பீரோவில் கையை ஊன்றி நிமிர்ந்தார். "முதுகு ஏழு முதலாளி. கால் மணி நேரம் வேணும், அப்புறம் மிச்சத்த இறக்கிடுவோம். இல்ல, 'நீ கேட்டுக்குப் போ'ன்னா இப்பவே சொல்லிடுங்க. ஆனா ஏழ நான் மூணுன்னு சொல்லப் போறதில்ல."

முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு குனிந்து கம்பளியை விலக்கி, பீரோவின் மூலைகளைத் தடவிப் பார்த்தார். ஒரு நசுங்கல் கிடையாது. கிழக்குப் படியில் அதுவரை மூன்று பீரோ நசுங்கியிருந்தது, ஒருவன் விரலைக் கொடுத்து நசுக்கிக்கொண்டு லாரியில் உட்கார்ந்திருந்தான்.

"அந்தப் பயலுங்க ஒருத்தனும் வாயத் திறந்து சொல்ல மாட்டேங்கறான்," என்றார் முதலாளி யாரிடமோ சொல்வதுபோல. "கேட்டுக்கு நான் வேற ஆள் பார்த்துக்கறேன். கால் மணின்னா கால் மணி." இரண்டு படி இறங்கியவர் திரும்பி, "அந்த நம்பர் சொல்ற முறைய நாளைக்கு வந்து எல்லாருக்கும் சொல்லிக் குடு" என்றார்.

ஜாக்கி படிமுனையில் கம்பளியை விரித்துப் படுத்தார். கயிறு எண்ணினான். அலுவலகத்து ஆட்கள் காகிதக் கட்டுகளோடு அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். கால் மணி, இருபது நிமிஷமாயிற்று. எழுந்தார். "எவ்வளவு?" "நாலு." மேல்பக்கம் அவர், கீழ்ப்பக்கம் அவன். வெளிச்சம் குறைவதற்குள் அறுபதும் லாரியில் ஏறிவிட்டன.

வீட்டுக்கு மூவரும் சேர்ந்தே வந்தோம். திரை மூட்டையை என் கடையில் போட்டுவிட்டு, தேநீருக்காக நானும் மேலே ஏறினேன். அவள் அடுப்பில் எண்ணெய் வைத்து முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. கேட்கப் பயம் என்று தோள்பட்டையிலேயே தெரிந்தது.

"அக்கா, கேட்டு கிடையாது. மாமா சுமைதான்," என்றான் கயிறு. "அப்புறம் இன்னொண்ணு. மாமா இன்னிக்கு ஏழுன்னு சொன்னாரு."

கரண்டி நின்றது. "யார்கிட்ட?"

"என்கிட்ட. முதலாளிகிட்டயும். எல்லார் முன்னாடியும்."

அவள் திரும்பினாள். சந்தோஷமா கோபமா என்று எனக்குப் புரியவில்லை, அவளுக்கும் புரிந்திருக்காது.

"இருபத்தாறு வருஷம் பக்கத்துல படுத்திருக்கேன். ஒரு நாள் என்கிட்ட ஒண்ணுன்னு சொன்னதில்ல. முதலாளிகிட்ட ஏழா?" என்றாள். குரல் உடைந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவர் எதிரில் போய் நின்றாள். "இப்ப எவ்வளவு?"

"லேசா…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "நாலு."

"அஞ்சுன்னா இன்னொரு முட்டை உடைச்சு ஊத்துவேன்."

ஜாக்கி சட்டியைப் பார்த்தார். நாள் முழுக்கச் சுமை தூக்கிய பசி முகத்தில் தெரிந்தது.

"நாலுதான்," என்றார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி, இன்னொரு முட்டையை எடுத்துச் சட்டி விளிம்பில் தட்டினாள்.

"அக்கா, எனக்கு எட்டு," என்று கயிறு தட்டை நீட்டினான்.